வளர்ச்சி ஹார்மோன் ஊசி தைராய்டைக் கெடுக்கிறதா? ஒரு தந்தையின் கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு 9 வயது, உயரம் 112 சென்டிமீட்டர், எடை 20 கிலோ. எம்.ஆர்.ஐ. படத்தில், மூளையின் அடியில் இருந்து மற்றச் சுரப்பிகளுக்குக் கட்டளையிடும் பிட்யூட்டரி சுரப்பி சிறுத்தும் அதன் காம்பு மெலிந்தும் இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு என்று உறுதியான பின் நான்கு மாதங்களாக இரவுதோறும் அரை மில்லிகிராம் ஊசி போட்டு வருகிறீர்கள். ஊசி தொடங்கும் முன் 0.95 ஆக இருந்த ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் உலவும் தைராய்டு ஹார்மோன்) இப்போது 0.71 ஆகிவிட்டது, அந்த ஆய்வகத்தின் கீழ் எல்லை 0.9. தைராய்டைச் சுரக்கச் சொல்லிப் பிட்யூட்டரி அனுப்பும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் அன்று 2.4, இன்று 1.9. ஒரு மருத்துவர் தைராய்டு மாத்திரை தொடங்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் டி.எஸ்.எச். இயல்பாக இருப்பதால் தைராய்டில் குறையே இல்லை என்கிறார். தைராய்டு குறைவாக இருப்பவர்களுக்கு இந்த ஊசியால் என்னென்ன பக்க விளைவுகள் வரும், நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வரிகளுக்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றியது: நல்லது செய்யப் போய்ப் பிள்ளைக்கு நாமே தீங்கு செய்துவிட்டோமா என்பது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. ஊசி உங்கள் மகனின் தைராய்டு சுரப்பியைக் கெடுக்கவில்லை. ஏற்கெனவே மறைந்திருந்த ஒரு குறையை அது வெளியே கொண்டுவந்திருக்கிறது.

குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். உங்கள் மகனை நான் தொட்டுப் பார்த்ததில்லை. முழு அறிக்கைகளும் என்னிடம் இல்லை. ஆகவே மருந்தின் அளவை நான் சொல்லப்போவதில்லை. அது அவனைப் பார்த்துவரும் மருத்துவரின் பொறுப்பு. அவரிடம் என்ன கேட்க வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்ல முடியும்.

தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 என்ற ஹார்மோனைத்தான் சுரக்கிறது. ஒரு டி4 மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. கல்லீரல், தசை போன்ற உறுப்புகளில் அவற்றில் ஒன்று கழற்றப்படும்போது அது டி3 ஆகிறது. உடலின் செல்களில் வேலை செய்வது முக்கியமாக இந்த டி3 தான். டி4 என்பதைக் குதிரில் கிடக்கும் நெல் என்றும் டி3 என்பதை உலையில் போடும் அரிசி என்றும் நான் பெற்றோர்களிடம் சொல்வதுண்டு. வளர்ச்சி ஹார்மோன் உடலுக்குள் சென்றதும் இந்த நெல் குத்தும் வேலை விரைவுபடுகிறது. டி4 குறைகிறது, டி3 சற்றே உயர்கிறது அல்லது அப்படியே நிற்கிறது. பிட்யூட்டரி நலமாக உள்ளவர்களிடம் இதனால் ஒன்றும் ஆகாது, ஏனெனில் குதிர் இறங்குவதைக் கண்டதும் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.ஐக் கூட்டித் தைராய்டை அதிகம் சுரக்க வைத்துவிடும். உங்கள் மகனின் பிட்யூட்டரி அப்படிப்பட்டதன்று. கட்டளையிட வேண்டிய இடமே பலவீனமாக இருக்கிறது. போதாக்குறைக்கு, வளர்ச்சி ஹார்மோன் சோமாடோஸ்டாட்டின் என்ற இன்னொரு ஹார்மோனைத் தூண்டுவதால் டி.எஸ்.எச். மேலும் சற்று அடங்கக்கூடும். ஊசிக்கு முன் 0.95 என்ற அளவே கீழ் எல்லையை ஒட்டித்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அவன் விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். ஊசி வந்ததும் அது வெளிப்பட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, ஊசியின் நிலை அதுதான்.

இதனால்தான் டி.எஸ்.எச். இயல்பு என்ற சொல் உங்கள் மகனின் விஷயத்தில் செல்லாது. தைராய்டு சுரப்பியே பழுதானால் அதை முதன்மைத் தைராய்டு குறைபாடு என்கிறோம், அதில் டி.எஸ்.எச். உயரும், அந்த எண்ணை வைத்தே நோயையும் மருந்தின் அளவையும் கண்டுகொள்ளலாம். நம் ஊரில் தைராய்டு என்று சொல்பவர்களில் ஆகப் பெரும்பாலோருக்கு இருப்பது இதுதான் என்பதால், டி.எஸ்.எச்.ஐ மட்டும் பார்க்கும் பழக்கம் மருத்துவர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. பிட்யூட்டரி பழுதானதால் வரும் குறையை மையத் தைராய்டு குறைபாடு என்கிறோம். இதில் டி.எஸ்.எச். குறைவாகவும் இருக்கலாம், இயல்பாகவும் இருக்கலாம், சற்று உயர்ந்தும் இருக்கலாம். பார்க்க வேண்டியது ஃப்ரீ டி4 மட்டுமே. சிகிச்சையில் அதை எல்லையின் மேல் பாதியில் வைத்திருக்க முயல்கிறோம். உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு கருத்துகளில் முதலாவதே சரி என்று தயக்கமின்றிச் சொல்வேன். ஆனால் மாத்திரைக்கு முன் ஒரு பரிசோதனை மிச்சம் இருக்கிறது, அதைக் கீழே விளக்குகிறேன்.

இப்படி ஃப்ரீ டி4 இறங்குவது எத்தனை பேருக்கு என்பதில்தான் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. 2002இல் இத்தாலியிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், வளர்ச்சி ஹார்மோன் குறைபாடுள்ள பெரியவர்கள் 66 பேருக்கு ஊசி தொடங்கினார்கள். தைராய்டு இயல்பு என்று கருதப்பட்ட 17 பேரில் 8 பேருக்கு ஃப்ரீ டி4 இயல்பு எல்லைக்குக் கீழே போனது. முன்பே தைராய்டு மாத்திரை எடுத்துவந்த 49 பேரில் 9 பேருக்கு மட்டுமே அப்படி ஆனது. மாத்திரையால் முன்கூட்டியே சரிசெய்யப்பட்டவர்கள் அதிகம் தப்பினார்கள் என்பது எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. பிட்யூட்டரியின் அமைப்பில் பழுதில்லாமல் வளர்ச்சி ஹார்மோன் மட்டும் குறைந்த குழந்தைகளிடம் இந்த மாற்றம் பெரும்பாலும் சிறியதாகவும் தற்காலிகமாகவும் இருந்துவிடுகிறது. அவர்களுக்கு மாத்திரை தேவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. காம்பு மெலிந்த பிட்யூட்டரியில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. அத்தகைய பிள்ளைகளுக்குச் சுரப்புகள் ஒவ்வொன்றாகக் குறைவதுண்டு. முதலில் வளர்ச்சி ஹார்மோன், சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ தைராய்டு, அதன் பின் கார்டிசால் என்ற ஹார்மோன் (அதைக் கீழே விளக்குகிறேன்).

குறைந்த தைராய்டைச் சரிசெய்யாமல் ஊசியைத் தொடர்ந்தால் முதலில் நேர்வது ஒரு பக்க விளைவு அன்று. ஊசி வேலை செய்யாமல் போவதுதான். எலும்பின் வளரும் முனைகளுக்கு வளர்ச்சி ஹார்மோனும் வேண்டும், தைராய்டு ஹார்மோனும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்து பயனில்லை. கடுமையான குறைபாடு உள்ள குழந்தை ஊசி தொடங்கிய முதல் ஆண்டில் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை, சில வேளை அதற்கு மேலும் வளரும். நான்கு மாதங்களில் மூன்று சென்டிமீட்டராவது எதிர்பார்த்திருப்பேன். உங்கள் மகன் 1.5 சென்டிமீட்டர் வளர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஊசி பலிக்கவில்லை என்று அளவைக் கூட்டுவதற்கு முன் தைராய்டைச் சரிசெய்ய வேண்டும். அவனுடைய மலச்சிக்கல், காலையில் எழ மறுப்பது, மாலையில் விளையாடப் போகாமல் படுத்துக்கொள்வது என்று நீங்கள் ஊசியின் பக்க விளைவாக எழுதியவற்றில் பெரும்பாலானவை தைராய்டு குறைவின் அடையாளங்கள். மாத்திரை தொடங்கி ஆறு, எட்டு வாரங்களில் இவை மாறுகின்றனவா என்று பாருங்கள்.

இப்போது மிச்சமிருக்கும் அந்தப் பரிசோதனை. இந்தப் பதிலில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். தைராய்டு மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் காலை எட்டு மணி அளவில் எடுத்த ரத்தத்தில் கார்டிசால் அளவு பார்க்கப்பட வேண்டும். ஐயம் இருந்தால் ஊசி மருந்தால் தூண்டிப் பார்க்கும் பரிசோதனையும் செய்யப்பட வேண்டும். கார்டிசால் என்பது, பிட்யூட்டரியின் கட்டளைப்படி, சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி தரும் உயிர்காக்கும் ஹார்மோன். காய்ச்சல், அறுவை சிகிச்சை, விபத்து போன்ற நெருக்கடிகளில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழாமல் தாங்கிப் பிடிப்பது அது. வளர்ச்சி ஹார்மோன் ஊசி, செயலற்ற கார்டிசோனைச் செயலுள்ள கார்டிசாலாக மாற்றும் ஒரு நொதியை அடக்குகிறது. தைராய்டு மாத்திரையோ உடலில் உள்ள கார்டிசாலை விரைவாகக் கழிக்க வைக்கிறது. ஒரு பக்கம் வரவு குறைகிறது, மறுபக்கம் செலவு கூடுகிறது. அட்ரினல் நலமாக உள்ள குழந்தை இதை உணராமலே ஈடுகட்டிவிடும். பிட்யூட்டரி பழுதால் கார்டிசாலும் விளிம்பில் உள்ள குழந்தை ஒரு சாதாரண வாந்திபேதியில் நிலைகுலைந்துவிடலாம். அதனால்தான் பிட்யூட்டரி குறைபாடுகளில் முதலில் கார்டிசால், பிறகு தைராய்டு, அதன் பின் வளர்ச்சி ஹார்மோன் என்ற வரிசையை நாங்கள் விடாப்பிடியாகக் கடைப்பிடிக்கிறோம். உங்கள் மகனுக்கு வரிசை ஏற்கெனவே மாறிவிட்டது. அதனால் கேடில்லை, இனியாவது கார்டிசாலைப் பார்த்துவிட்டு மாத்திரையைத் தொடங்கினால் போதும். அது குறைவாக இருந்தால் அதை ஈடுசெய்யும் ஹைட்ரோகார்டிசோன் என்ற மருந்து முதலில் தொடங்கப்படும். காய்ச்சல் நாட்களில் அதை இரண்டு, மூன்று மடங்காக்கும் முறையை எழுதி வாங்கி, ஒரு நகலைப் பள்ளியிலும் கொடுத்து வையுங்கள். இன்று இயல்பாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மறுபடி பார்க்க வேண்டும். ஊசி போடும் பிள்ளை காய்ச்சலோடு தொடர்ந்து வாந்தி எடுத்து, சோர்ந்து, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குக் கொண்டு சென்று, பிட்யூட்டரி குறைபாடு உள்ள பிள்ளை என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள்.

தலைவலி பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். வளர்ச்சி ஹார்மோன் தொடங்கிய முதல் எட்டு வாரங்களுக்குள் சில குழந்தைகளுக்கு மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடுவதுண்டு. அரிதானது, ஆயினும் உறுதியாக அறியப்பட்டது. காலையில் எழும்போது கடுமையாக இருக்கும் தலைவலி, வாந்தி, பார்வை மங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் பார்வை நரம்பு பாதிக்கப்படும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் முழுமையாகச் சரியாகிவிடும், பிறகு குறைந்த அளவில் மீண்டும் தொடங்கலாம். குழந்தைகளுக்குத் தைராய்டு மாத்திரை தொடங்கிய முதல் மாதங்களிலும் இதே நிலை அரிதாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே இரண்டு மருந்தையும் ஒரே வாரத்தில் தொடங்கினால், தலைவலி வரும்போது எது காரணம் என்று சொல்ல முடியாமல் போகிறது. உங்கள் மகனுக்கு வாரத்தில் ஓரிரு நாள் மாலையில் வந்து, தூங்கினால் போய்விடும் தலைவலி என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பெரிய அச்சத்தைத் தரவில்லை. இருந்தாலும் மாத்திரை தொடங்கும் முன் கண் மருத்துவர் ஒருவர் கண்மணியை விரித்து விழித்திரையின் நரம்பைப் பார்த்துவிடட்டும். பத்து நிமிட வேலை, வலியில்லாதது, பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

அடுத்தது இடுப்பு மூட்டு. இதைச் சொல்லும்போதெல்லாம் 12 வயதுப் பெண் ஒருத்தி நினைவுக்கு வருகிறாள். பெண்களுக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் முழுதாகவோ பகுதியாகவோ இல்லாததால் உயரம் குறையும் டர்னர் நோய்க்கூட்டத்துக்காக வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுவந்தவள். அந்த நோய்க்கூட்டம் உள்ள பெண்களில் பலருக்குத் தைராய்டைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயும் உண்டு, இவளுக்கும் இருந்தது. மூன்று வாரமாக முழங்கால் வலி. தைலம் தேய்த்தார்கள், முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், படத்தில் குறை எதுவும் இல்லை, ஓடியாடும் வயதில் வருகிற வலி என்று அனுப்பிவிட்டார்கள். பரிசோதனை மேசையில் மல்லாந்து படுக்க வைத்து, வலிக்கும் காலை மெல்ல மடக்கி மார்பை நோக்கிக் கொண்டு போனேன். பாதி வழியிலேயே அந்தத் தொடை யாரும் திருப்பாமல் தானாக வெளிப்பக்கம் சாய்ந்தது. உள்பக்கம் திருப்ப முயன்றால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு எலும்பில் பொருந்தியிருக்க வேண்டிய தொடை எலும்பின் தலை, அதன் வளரும் தட்டிலிருந்து நழுவியிருந்தது. இடுப்பின் வலியை முழங்காலில் உணர்வது இந்த நோயின் இயல்பு. அன்று மாலையே சக்கர நாற்காலியில் வைத்து எலும்பு மருத்துவரிடம் அனுப்பினோம். மறுநாள் திருகாணி பொருத்தி எலும்பை நிலைநிறுத்தினார்கள். ரத்தத்தில் டி.எஸ்.எச். 60ஐத் தாண்டியிருந்தது. இரண்டு ஹார்மோன் ஒரே நேரத்தில் வேண்டாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தாய் ஐந்து மாதங்களாகத் தைராய்டு மாத்திரையை நிறுத்தியிருந்தார். அவர் அழுததை இப்போதும் மறக்க முடியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேர்த்துக் கொடுக்கத்தான் வேண்டும் என்று நாங்கள் போதுமான அளவு அழுத்திச் சொல்லாமல் இருந்திருக்கிறோம்.

தைராய்டு குறைவு அந்த வளரும் தட்டைத் தளர்த்துகிறது. வளர்ச்சி ஹார்மோன் எலும்பை வேகமாக வளர வைத்து அதே தட்டின் மீது பாரத்தைக் கூட்டுகிறது. ஆகவே தைராய்டைச் சரிசெய்யாமல் ஊசியை மட்டும் தொடர்வது இந்த நழுவலுக்கு வழிவிடும் என்பது என் கருத்து. ஊசியே தனியாக எத்தனை பங்கு காரணம் என்பதைப் பிரித்துக் காட்டுவது கடினம், ஏனெனில் ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தைகளிடம் ஊசி இல்லாமலும் இது அதிகம். செயல் அளவில் அந்த வேறுபாடு நமக்குத் தேவையில்லை. உங்கள் மகன் நொண்டினாலோ, இடுப்பு, தொடை, முழங்கால் எதில் வலி என்று சொன்னாலோ, நடக்கவிடாமல் இரண்டு இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இரவில் இரண்டு கெண்டைக்காலிலும் வந்து, தேய்த்துவிட்டால் போய்விடும் வலி வேறு. அதற்குப் பதற வேண்டியதில்லை.

சர்க்கரையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும். பெரும்பாலான குழந்தைகளின் கணையம் அதை ஈடுகட்டிவிடுகிறது. உங்கள் வீட்டில் இரு பக்கமும் சர்க்கரை நோய் இருப்பதாக எழுதியிருப்பதால், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாத சராசரியும் ஆண்டுக்கு இரு முறை பார்க்கலாம். முதுகெலும்பு வளைவு முன்பே இருந்தால் வேக வளர்ச்சியில் அது கூடும்; சட்டையைக் கழற்றிக் குனியச் சொல்லிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பெரியவர்களிடம் படம் சற்று வேறு. பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போனதால் பிட்யூட்டரி செயலிழந்த பெண்களையும், கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பிட்யூட்டரி குறைபாட்டோடு வருபவர்களையும் தென்னிந்தியாவில் நாங்கள் பார்க்கிறோம். அவர்களில் சிலருக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுக்கிறோம். பெரியவர்களுக்கு அதிகம் வருவது உடலில் நீர் தங்குவது: கணுக்கால் வீக்கம், மூட்டுவலி, மோதிரம் இறுகுதல், இரவில் கை மரத்து எழுந்து உதறிக்கொள்ளுதல். மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதால் வரும் இந்தக் கை மரப்பு, தைராய்டு குறைவிலும் அப்படியே வரும். எது காரணம் என்று கண்டுபிடிக்க நான் செய்வது, முதலில் ஃப்ரீ டி4ஐப் பார்ப்பது. அது எல்லையின் மேல் பாதியில் இருந்தும் கை மரத்தால், ஊசியின் அளவைக் குறைத்தால் சில வாரங்களில் தணிந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மாத்திரையாக எடுக்கும் பெண்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு: வாய்வழி ஈஸ்ட்ரோஜன் வளர்ச்சி ஹார்மோனின் வேலையையும் மட்டுப்படுத்துகிறது, தைராய்டு மாத்திரையின் தேவையையும் கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பட்டையாகவோ பூசும் களிம்பாகவோ மாற்றினால் இரண்டும் பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

உடற்பயிற்சிக் கூடத்தில் உங்கள் மைத்துனர் இந்த ஊசியைத் தானே வாங்கிப் போட்டுக்கொள்கிறார், அவருக்கும் தைராய்டு உண்டு, அவர் நலமாகத்தானே இருக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். 1990இல் அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த ஆண்கள் சிலருக்கு ஆறு மாதம் ஊசி போட்டுப் பார்த்ததில் தசை கூடிக் கொழுப்பு குறைந்ததாக ஓர் அறிக்கை வந்தது. சிகிச்சை பெற்றவர்கள் 12 பேர் மட்டுமே. இளமை திரும்பும் என்ற வணிகம் அதிலிருந்துதான் கிளம்பியது. குறைபாடு இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளும் பெரிய அளவுகளில் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு, இதயத் தசை ஆகியவை பாதிக்கப்படுகின்றன. கூடவே டி3 மாத்திரையையும் சிலர் விழுங்குகிறார்கள், அது இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். உங்கள் மகனுக்குக் கொடுப்பது உடலில் இல்லாத ஒன்றை இருக்க வேண்டிய அளவுக்கு நிரப்புவது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. மைத்துனரிடம் ஊசியை நிறுத்திவிட்டு ஒரு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த ஊசியால் மூளை நோய் வரும் என்று நீங்கள் கேள்விப்பட்டதற்கும் ஓர் அடிப்படை இருந்தது. 1985க்கு முன் இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியாகச் சிலருக்குக் குருட்ஸ்ஃபெல்ட் யாக்கோப் என்னும் கொடிய மூளை நோய் பரவியது. அந்த ஆண்டு முதல் பல நாடுகளில் அந்த மருந்து நிறுத்தப்பட்டது. இப்போது கிடைப்பது ஆய்வகத்தில் மரபணு மாற்றிய நுண்ணுயிர்களிலோ செல்களிலோ தயாரிக்கப்படுவது. அந்த நோய்க்கு இடமில்லை. புற்றுநோயைப் பொறுத்தவரை, நோய் உடலில் இருக்கும்போது ஊசி கொடுப்பதில்லை. முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளிடம் ஐயம் முழுதும் தீரவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு இதுவரையான நீண்டகாலக் கண்காணிப்பு பெருமளவு ஆறுதல் தருகிறது.

வீட்டில் கவனிக்க வேண்டிய சில சிறிய விஷயங்கள் பெரிய குழப்பத்தைத் தவிர்க்கும். மாத்திரை தொடங்கினால் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுங்கள். பாலும் காபியும் காலை உணவும் அரை மணி நேரத்துக்கு, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு. வளரும் பிள்ளை என்று கொடுக்கும் கால்சியம், இரும்புச் சத்து மருந்துகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தம் கொடுக்கும் நாளில் மட்டும் மாத்திரையை ரத்தம் எடுத்த பின் கொடுங்கள். இல்லையேல் ஃப்ரீ டி4 உள்ளதைவிட உயர்ந்து தெரியும். முடி வளர என்று பயோட்டின் என்ற வைட்டமின் கலந்த சத்து மாத்திரை ஏதாவது கொடுத்துவந்தால் இரண்டு, மூன்று நாட்கள் முன்பே நிறுத்துங்கள். சில ஆய்வகக் கருவிகளில் அது தைராய்டு எண்களையே புரட்டிவிடும். ஒரே ஆய்வகத்தில் பார்ப்பது நல்லது. ஊசிப் பேனாவைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், உறையும் தட்டுக்கு அருகில் வேண்டாம். ஒருமுறை உறைந்த மருந்து உருகினாலும் பயனற்றது. பேனா மாற்றும்போது அளவு மில்லிகிராமிலா யூனிட்டிலா என்று பாருங்கள். ஒரு மில்லிகிராம் என்பது 3 யூனிட். இந்த ஒரு குழப்பத்தால் மூன்று மடங்கு மருந்து போட்ட வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

தைராய்டு எண்களை ஊசி தொடங்கும் முன்பும், தொடங்கி ஆறு முதல் எட்டு வாரங்களிலும், முதல் ஆண்டு முழுதும் மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒரு முறையும் நான் பார்ப்பேன். ஊசியின் அளவு மாறும்போதெல்லாம் மறுபடியும். மாத்திரை நிலைபெறும்வரை ஊசியைத் தொடர்வதா, சில வாரங்கள் நிறுத்தி வைப்பதா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு வழக்கங்கள் உண்டு. தலைவலியும் மூட்டு வலியும் இல்லாத பிள்ளைக்கு நான் தொடர்கிறேன்.

இவை வாழ்நாள் முழுதும் தேவையா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வளர்ச்சி முடிந்ததும் ஊசியைச் சிறிது காலம் நிறுத்தி மறுபடி பரிசோதிப்போம். அவனுடைய பிட்யூட்டரியின் அமைப்பை வைத்துப் பார்த்தால் குறைபாடு நீடிக்கவே வாய்ப்பு அதிகம். அப்போது தசை, எலும்பு, இதயம் ஆகியவற்றின் நலனுக்காக, இப்போதுள்ளதைவிட மிகச் சிறிய அளவில், பெரியவர்களுக்கான முறையில் தொடர்வது குறித்துப் பேசலாம். தைராய்டு மாத்திரை தொடங்கினால் அது நிலையாகவே தேவைப்படும் என்று எண்ணிக்கொள்வது நல்லது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எம்.ஆர்.ஐ. படத்தையும் இரண்டு ஃப்ரீ டி4 அறிக்கைகளையும் பள்ளியில் எடுத்த பழைய உயர அளவுகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். காலை கார்டிசால் எப்போது எடுக்கலாம் என்று அன்றே கேட்டுவிடுங்கள்.